நாலு தெரு, மூன்று பங்கு

அத்தியாயம் 14

பூட்டு புதுசு. கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டைப் பிய்த்த இடத்தில் பசை இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

மோட்டார் ரூம் கதவுக்கு முன்னால் சின்னவள் கடப்பாரையோடு நின்றாள். காலை எட்டு மணிகூட ஆகவில்லை. அதற்குள் வெயில் கழுத்தைச் சுட்டது.

போன வாரங்களைத் தவற விட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவர் விட்டுப்போனது ஒரு நாற்றுப் பண்ணை. சதுரமான இடம், பக்கத்துக்குத் தொண்ணூறு அடி. நாலு பக்கமும் தெரு, நடுவில் ஆழ்துளைக் கிணறு. எல்லோரும் அதைப் 'போர்' என்பார்கள். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் தையல்கடை வைத்திருக்கிறாள். அடுத்தவன் லாரி ஓட்டுகிறான். கடைக்குட்டி கல்யாணப் பேச்சையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டுப் பண்ணையே கதி என்று இருந்துவிட்டவள். வயது முப்பத்தாறு. வீட்டில் இன்னமும் 'பாப்பா'தான்.

பங்கு பிரிக்கலாம் என்று பேச்சு எழுந்த நாளிலிருந்து அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்றுக் காலை அண்ணன் வந்தான், மோட்டார் ரூமைப் பூட்டினான், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இன்று பதினோரு மணிக்கு சர்வேயர் வருகிறார்.

"கடப்பாரையைக் கீழ வை பாப்பா" என்றாள் அம்மா. அவள் கையில் இரண்டு வாளி. எதிர்த் தெருவில் இருக்கும் தங்கள் வீட்டுக் குழாயில் நூல் மாதிரி வரும் தண்ணீரைப் பிடித்து, தெருவைக் கடந்து, ஒரு செடிக்கு ஒரு டம்ளர் வீதம் நேற்றிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறாயிரம் கன்று. எத்தனை வாளி தூக்கினாலும் எந்த மூலைக்கு?

"எலுமிச்சை ஒட்டுக்கன்னு எல்லாம் சுருண்டு போச்சும்மா. இன்னைக்குச் சாயங்காலம் தாண்டாது."

"அதுக்காக உடைச்சிட்டு வழக்குல மாட்டிக்கணுமா?"

பைக் சத்தம் கேட்டது. அண்ணன் வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு நிதானமாக நடந்து வந்தான். கடப்பாரையைப் பார்த்தான். பூட்டைப் பார்த்தான்.

"உடை" என்றான். "ஏன் நிறுத்திட்ட? உடை. எனக்கும் சௌகரியம். நேரா ஸ்டேஷன்ல போய் எழுதிக் கொடுத்துடறேன்."

"இலையைப் பாருண்ணா. பார்த்துட்டுப் பேசு."

"பிரிக்கிற வரைக்கும் ஒருத்தர் மட்டும் அனுபவிக்கக் கூடாது. வக்கீல் சொல்லியிருக்கார். இப்ப நீ தண்ணி எடுத்தா நாளைக்குப் போர் உன்னுதுன்னு ஆயிடும்."

"உனக்கு வக்கீல் இருக்கார். இந்தக் கன்னுங்களுக்கு யார் இருக்கா?"

அவன் குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் ஒரு சதுரம் கீறினான். அதற்குள் இரண்டு நேர்கோடு. மூன்று பட்டை.

"இவ்வளவுதான் விஷயம். ஒவ்வொருத்தருக்கும் முப்பது அடி அகலம், தொண்ணூறு அடி நீளம். சீட்டு போடலாம். யாருக்கு எது விழுதோ அது."

"நடுப் பட்டையிலதான் போர் இருக்கு."

"இருக்கட்டும்."

"ஓரத்துல விழறவங்களுக்குத் தண்ணி?"

"ஓரத்துல விழறவங்களுக்கு மூணு பக்கமும் தெரு கிடைக்குதே! நடுவுல இருக்கறவனுக்கு ரெண்டு முனையில முப்பது முப்பது அடிதான் தெரு. ஒருத்தருக்குத் தண்ணி, ஒருத்தருக்குத் தெரு. சரியாப் போச்சா?"

"லாரி நிறுத்தத் தெரு போதும். செடி வளர்க்கத் தெருவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அது உன் பாடு."

சின்னவளின் கை தானாக ஓங்கியது. கடப்பாரை பூட்டில் படவில்லை. கதவுச் சட்டத்தில் பட்டு மரச் சில்லு தெறித்தது. அண்ணன் ஒரே எட்டில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இருவரும் மூச்சிரைக்க ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா இரண்டு வாளியையும் கதவுக்கு முன்னால் வைத்தாள். அதன் அருகிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிச்சுக்கோங்க. நான் பார்க்கறேன். வேற என்ன வேலை எனக்கு?"

அண்ணன் கையை விட்டான்.

*

அக்கா வந்தபோது மணி ஒன்பதரை. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியவள் கையில் எப்போதும் கொண்டுவரும் சின்னப் பை இல்லை. பெரிய துணிப் பை, வாய் கட்டியது. வெயிலில் முகம் கறுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத வளையம். பங்குக் கவலை என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

"மூணு பேரும் இங்க வாங்க. ஒண்ணு காட்டணும்."

"என்ன, சட்டைக்கு அளவெடுக்கப் போறியா?" என்றான் அண்ணன்.

"உன் வாய்க்கு ஒரு பட்டன் வெச்சுத் தைக்கணும். வாடா."

மோட்டார் ரூமை ஒட்டிய கொட்டகையில் விதை பிரிக்கும் மேசையைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து வெள்ளைக் காடாத் துணி ஒன்றை எடுத்து விரித்தாள். கச்சிதமான சதுரம். பக்கத்துக்கு முப்பத்தாறு இஞ்ச். நட்ட நடுவில் நீலச் சாக்பீஸால் ஒரு புள்ளி.

"இது பண்ணை. இந்தப் புள்ளி போர். இப்ப நீ நேர்கோட்டை மறந்துடு. பாவாடைக்குத் துண்டு வெட்டற மாதிரி யோசி. எல்லா வெட்டும் நடுவுல இருந்துதான் கிளம்பும்."

டேப்பை எடுத்துத் துணியின் ஓரத்தைச் சுற்றி வைத்தாள். "சுத்தி வந்தா நூத்தி நாற்பத்து நாலு. மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு நாற்பத்தெட்டு. ஒரு மூலையில ஆரம்பிக்கிறேன். நாற்பத்தெட்டுக்கு ஒரு புள்ளி. இன்னொரு நாற்பத்தெட்டுக்கு இன்னொரு புள்ளி. மூணாவது நாற்பத்தெட்டு ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடும். இந்த மூணு புள்ளியில இருந்தும் நடுவுக்கு ஒவ்வொரு வெட்டு."

கத்தரிக்கோல் மூன்று முறை ஓடியது. மூன்று துண்டுகள் தனித்தனியாக விழுந்தன.

அண்ணன் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தான். ஒன்று பட்டம் மாதிரி இருந்தது. மற்ற இரண்டும் ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் குட்டையாக, கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கு ஒன்று இடவலம் மாறி இருந்தன.

"இது சமமா? பார்த்தாலே ஏதோ கோணல் மாணலா இருக்கே!"

"நடுவுல இருந்து எந்த ஓரத்துக்கும் நேர் தூரம் பதினெட்டு இஞ்ச்தானே? அப்ப ஓரம் எவ்வளவு நீளமோ அதுக்குத் தக்கபடிதான் துணியும் இருக்கும். மூணுக்கும் ஓரம் நாற்பத்தெட்டு. மூணுலயும் ஒரே அளவு துணி. இருபத்தெட்டு வருஷமா வெட்டறேன்டா. ஒரு விரல் கூடினாலும் என் கைக்குத் தெரியும்."

"உன் கைக்குத் தெரிஞ்சா போதுமா?"

அம்மா எழுந்து போனாள். விதை நிறுக்கும் சின்னத் தராசை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். பட்டத் துண்டை ஒரு தட்டில் மடித்து வைத்தாள். அடுத்த தட்டில் இன்னொரு துண்டு. முள் இரண்டு முறை ஆடிவிட்டு நடுவில் நின்றது. ஒரு துண்டை எடுத்துவிட்டு மூன்றாவதை வைத்தாள். அதுவும் நின்றது.

அண்ணன் குனிந்து முள்ளையே பார்த்தான். கண்ணுக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை. அதனாலேயே கோபம் வந்தது போல உதட்டைக் கடித்தான்.

"நிலம் சமம்" என்றாள் அக்கா. "தெரு சமம். ஆளுக்கு நூத்தி இருபது அடி. மூணு பங்கோட முனையும் போர்ல வந்து முட்டுது. யாரும் யார்கிட்டயும் தண்ணிக்குக் கையேந்த வேண்டாம்."

சின்னவள் அந்த மூன்று துண்டுகளையும் வருடிப் பார்த்தாள். மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டு யோசித்தும் தனக்குத் தோன்றாதது! அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ள நீட்டினாள். அக்கா அதைக் கவனிக்காதவள் போலத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாவியைக் குடுண்ணா. அதான் தீர்ந்துடுச்சே."

"சர்வேயர் வரட்டும். அவங்க சரின்னு சொல்லட்டும்."

*

சர்வேயர் ஒரு பெண்மணி. அகலத் தொப்பி, காலில் கனத்த ஷூ, தோளில் அளவுக் கருவி மாட்டும் முக்காலி. வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"ஒரு மணிக்கு எனக்கு வேற இடம் இருக்கு. எல்லைக்கல் எங்க?"

நாலு மூலையையும் காட்டினார்கள். கருவியை நிறுத்தி ஒவ்வொரு பக்கமாக அளந்தார். தொண்ணூறு. தொண்ணூறு. தொண்ணூறு. தொண்ணூறு. அக்கா ஒவ்வொரு எண்ணுக்கும் தலையசைத்தாள்.

பிறகு அவர் மோட்டார் ரூமின் பக்கம் போனார். போர்க் குழாய் கதவுக்கு வெளியே, சிமென்ட் திட்டில் இருந்தது. அங்கிருந்து அளக்க ஆரம்பித்தார்.

"வடக்கே நாற்பத்தஞ்சு. தெற்கே நாற்பத்தஞ்சு."

அண்ணன்கூட நிம்மதியாக மூச்சுவிட்டான்.

"மேற்கே..." அவர் நிறுத்தினார். கருவியைச் சரிபார்த்து மறுபடியும் அளந்தார். "மேற்கே ஐம்பத்து நாலு. கிழக்கே முப்பத்தாறு."

அண்ணன் கிட்டே போய்க் கருவியை எட்டிப் பார்த்தான்.

"போர் நடுவுல இல்லை. ஒன்பது அடி கிழக்கே தள்ளியிருக்கு."

"இல்ல மேடம்" என்றாள் சின்னவள். "நட்ட நடுன்னு அப்பாதான் எப்பவும் சொல்வார்."

"அப்பா சொன்னார், அப்பா சொன்னார்!" என்று அண்ணன் சிரித்தான். அது நல்ல சிரிப்பு இல்லை. "அவர் சொன்னா டேப்பு மாறிடுமா?"

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் வெட்டு..."

"நீங்க பண்ணியிருக்கறது ரொம்ப அழகான வழிதான்" என்றார் சர்வேயர் துணியைப் பார்த்து. "ஆனா அது புள்ளி நடுவுல இருந்தாத்தான் நடக்கும். இப்ப அதே மாதிரி வெட்டினா ஒரு பங்கு பெருசாவும் ஒரு பங்கு சின்னதாவும் போயிடும்."

"அவ்வளவுதான்" என்றான் அண்ணன். "நேர்கோடு. சீட்டு. கிளம்புங்க எல்லாரும்."

"இருடா!" அக்கா கத்தினாள். அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. "மேடம், மூணு பங்கும் போரைத் தொடணும். அதுக்கு வேற வழியே இல்லையா? தயவுசெஞ்சு போட்டுப் பாருங்க."

சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மேசை முன்னால் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே ரோஜாப் பைகள் வரிசையில் இலைகள் துவண்டு தொங்கின. சின்னவள் அவற்றைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் அவர் நிமிர்ந்தார்.

"வழி இருக்கு. நிலம் மூணும் சமமா வந்துடும். மூணும் போரைத் தொடும். ஆனா தெரு மட்டும் சமமா வராது."

"எப்படி?"

"மேற்குத் தெருவுல இருந்து போர் ரொம்ப உள்ள இருக்கு பாருங்க. அதனால மேற்குப் பங்கு நல்ல ஆழம். ஆழம் கூடினா, அதே நிலத்துக்கு முகப்பு குறையும். மேற்குப் பக்கம் முழுக்கத் தொண்ணூறு அடி, அப்புறம் ரெண்டு மூலையையும் தாண்டி ஆறாறு அடி. மொத்தம் நூத்தி ரெண்டு. மத்த ரெண்டு பங்கும், வடக்குல ஒண்ணு, தெற்குல ஒண்ணு. ஆளுக்கு நூத்தி இருபத்தொன்பது அடி தெரு."

அண்ணன் விரலை மடக்கினான். "இருபத்தேழு அடி வித்தியாசம். என் லாரி நீளம்."

"இதுக்கு மேல கணக்குல ஒண்ணும் இல்லைங்க" என்றார் சர்வேயர். "யாராவது ஒருத்தர் மேற்கை எடுத்துக்கணும். அது நீங்க மூணு பேரும் பேசி முடிக்க வேண்டியது."

"நான் எடுத்துக்கறேன்" என்றாள் சின்னவள் உடனே. "எனக்குத் தெரு எதுக்கு? சாவியைக் குடு."

இப்படிச் சொன்னால் அண்ணன் குளிர்ந்துவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் முகம் சிவந்தது.

"அதானே பார்த்தேன்! நீ எடுத்துப்ப. நாளைக்கு ஊர் பூரா என்ன பேசும்? அண்ணன்காரன் தங்கச்சியை ஏமாத்திக் குறைச்சலான பங்கைத் தலையில கட்டிட்டான்னு பேசும். நீ நல்லவ. எப்பவும் நீ நல்லவ. நான் பாவி."

"நான் அப்படி நினைச்சு..."

"நீ எதுவும் நினைக்க வேண்டாம். இந்த வீட்டுல உனக்கு எல்லாம் தானா வரும். எனக்குப் பன்னெண்டு வயசு. ஒரு நாள் தண்ணி வராம மோட்டார் ஓடறதைக் கவனிக்காம விட்டுட்டேன். மோட்டாரோட காயில் கம்பி கருகிப் போச்சு. நாலு வேலைக்காரங்க முன்னாடி அப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'இனிமே இவன் கை இந்த சுவிட்ச்சுல படக் கூடாது'ன்னார். அம்மா, சொன்னாரா இல்லையா?"

அம்மா தலை குனிந்தாள். "சொன்னார்."

"முப்பது வருஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'போய் மோட்டார் போடுடா'ன்னு சொல்லியிருப்பாரா? நீ ஏழு வயசுல ஸ்டூல் போட்டு ஏறிப் போட்ட. நான் வேலியில நின்னு பார்த்துட்டு இருந்தேன்." அவன் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் உரக்கப் பேசினான். "இந்தப் பூட்டைப் போட்டப்பதான் அந்தக் கதவையே தொட்டேன். தெரியுமா உனக்கு?"

சின்னவளுக்குத் தெரியாது. அண்ணனுக்குச் செடியே பிடிக்காது என்றுதான் அவள் இத்தனை காலம் எண்ணியிருந்தாள்.

சர்வேயர் காகிதத்தைப் பார்ப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

"மேடம், மேற்கு எனக்குன்னு எழுதுங்க."

"டேய்..." என்றாள் அக்கா.

"எழுதுங்க மேடம். அந்த இருபத்தேழு அடியை நான் விடறேன். யாரும் எனக்காகத் தியாகம் பண்ண வேண்டாம்."

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். சின்னவள் அதைத் தொடவில்லை.

"நீயே போய்ப் போடுண்ணா."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். கேலி செய்கிறாளா என்று தேடிப் பார்த்த பார்வை. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போனான். பூட்டு திறந்தது. உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்கு முன்னால் அவன் நின்றுகொண்டிருப்பான் என்று சின்னவள் ஊகித்தாள். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

'டக்.' மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு முறை காற்றைத் துப்பிவிட்டு, சேறும் மணலுமாகக் கக்கிவிட்டு, மூன்றாவது முறை வெள்ளையாகப் பீறிட்டது.

சின்னவள் ஓடினாள். ஹோஸை இழுத்துக்கொண்டு எலுமிச்சை வரிசைக்குப் போனவள், முதல் பையில் தண்ணீர் இறங்கி மண் கறுத்ததைப் பார்த்ததும் அப்படியே அழுதாள்.

*

பன்னிரண்டரைக்கு வரைபடம் தயார். மேற்கு அண்ணனுக்கு. நிழல்வலை இருக்கும் தெற்கு சின்னவளுக்கு. வடக்கு அக்காவுக்கு.

"மேடம்" என்றாள் அக்கா. "போர் மூணு பங்குக்கும் பொதுன்னு தெளிவா எழுதிடுங்க. அவங்கவங்க தனி மோட்டார் வெச்சுக்கலாம்னும் எழுதுங்க."

"பங்கு கை மாறினா? வாங்கறவங்களுக்கும் அந்த உரிமை உண்டுன்னு போடணுமா?"

"போடுங்க" என்றாள் அக்கா. கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

சின்னவளின் பேனா அந்த வரியில் ஒரு விநாடி தயங்கியது. பின்னால் எங்கோ தண்ணீர் பை பையாக நிரம்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது போய் ஒரு வரிக்காக வம்பு பண்ணுவதா? அக்கா எதையும் யோசித்துத்தான் செய்வாள். கையெழுத்துப் போட்டுவிட்டாள். அண்ணன் படிக்காமலேயே போட்டான். அம்மா எழுத்துக் கூட்டி நிதானமாகப் போட்டாள். கடைசியில் அக்கா.

சர்வேயர் காகிதங்களை உறையில் போட்டார். "நாளைக்கே பதிவுக்கு அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு முக்காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

கதவு சாத்தியதும் அம்மா முகத்தில் பத்து மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

"பெரியவளே, மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு. அவரும் சந்தோஷப்படட்டும்."

அக்கா துணிப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

"அவர்கிட்ட நான் பேசி மூணு வாரம் ஆகுதும்மா."

"என்ன?"

"அந்த வீட்டை விட்டு வந்துட்டேன். கடையிலதான் இருக்கேன். ஷட்டரை உள்பக்கம் இறக்கிட்டு வெட்டற மேசை மேல படுத்துக்கறேன்." அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஏன்னு இப்பக் கேக்காத. சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். இருபத்தாறு வருஷம்மா."

சின்னவள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். மூன்று வாரம். இந்த மூன்று வாரமும் அவர்கள் அக்காவிடம் பேசிய ஒவ்வொரு போனும் நிலத்தைப் பற்றித்தான். சாப்பிட்டாயா என்றுகூட ஒருவரும் கேட்டதில்லை.

"நீ நேரா இங்க வர வேண்டியதுதானேக்கா?"

"எங்க வர்றது? நீங்க ரெண்டு பேரும் கடப்பாரையும் பூட்டுமா நிக்கறீங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பார்த்திருக்கேன். என் பேர்ல. அதுக்காக... என் பங்கை வித்துட்டேன்."

"விக்கப் போறியா?"

"வித்துட்டேன். போன வாரமே எழுதிக் கொடுத்தாச்சு. தண்ணி இருந்தாத்தான் வாங்குவேன்னு அவர் கண்டிஷன் போட்டார். அதான் எல்லாப் பங்கும் போரைத் தொடணும்னு நான் தலைகீழா நின்னேன்."

காலையிலிருந்து அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் சின்னவளுக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்டது. கோபம் வர வேண்டும். வரவில்லை. வெட்டும் மேசையின் அகலம்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"யாருக்கு வித்த?" என்றான் அண்ணன்.

"நல்ல மனுஷன்டா. ரிட்டையர் ஆனவராம். சின்னதா வீடு கட்டிக்கிட்டு மாடியில செடி வளர்க்கப் போறேன்னார். என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிட்டார்."

"பார்க்க எப்படி இருப்பார்?"

"அறுபது வயசு இருக்கும். நரைச்ச மீசை. இடது கையில ரெண்டு விரல் கிடையாது. ஏன் கேக்கற?"

அண்ணன் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அவன் ரிட்டையர் ஆகலக்கா. அவன் பேர்ல பதினோரு தண்ணி டேங்கர் ஓடுது."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருஷம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி போரோட ஒரு துண்டு நிலம் வாங்கினான். வீடு கட்டப் போறேன்னுதான் அங்கயும் சொன்னான். பத்து குதிரை சக்தி மோட்டார் இறக்கி ராவும் பகலும் உறிஞ்சினான். மூணு மாசத்துல சுத்தி எட்டு வீட்டுல குழாயைத் திறந்தா காத்துதான் வந்துச்சு. அந்த ரூட்ல நான் தினமும் போறவன்க்கா. கண்ணால பார்த்தேன்."

"எனக்குத் தெரியாதுடா" என்றாள் அக்கா. "சத்தியமாத் தெரியாது. நாளைக்குக் காலையில அளவு பார்க்க ஆள் அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்."

கையெழுத்துப் போட்ட காகிதம் இந்நேரம் இரண்டு தெரு தாண்டிப் போயிருக்கும். அண்ணன் எழுந்தான். பைக் சாவியை எடுத்தான்.

"எங்கடா போற?" என்றாள் அம்மா.

"அந்த ஆளோட டேங்கர் ஷெட் எனக்குத் தெரியும்."

"தனியாப் போகாத. அவன் கூட நாலு தடியனுங்க இருப்பானுங்க."

சின்னவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அக்காவின் துணிப் பையைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனம். ஒருத்தியின் இருபத்தாறு வருஷம் இவ்வளவுதானா என்று ஒரு கணம் தோன்றியது. பையை அம்மாவிடம் கொடுத்தாள்.

"அக்காவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா. என் ரூம்ல படுக்கச் சொல்லு. கடை இன்னைக்குத் திறக்க வேண்டாம்."

"பாப்பா, என் மேல கோபம் இல்லையா?" என்றாள் அக்கா.

"இருக்கு. தூங்கி எந்திரி. அப்புறம் சண்டை போடலாம்."

பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டு அண்ணன் திரும்பிப் பார்த்தான். தங்கை பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு?"

"அந்த ஆள் கேக்கற கேள்விக்கெல்லாம் நீ கையாலதான் பதில் சொல்லுவ. வாயால சொல்றதுக்கு ஒரு ஆள் வேணாமா? வண்டியை எடு."

அவன் கியரைப் போட்டான்.